கமிஷன் மண்டிக்கு மென்பொருள் வடிவமைப்பது எப்படி: யார், எதை, எந்த வரிசையில்

இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஊரிலேயே இருந்து கடைகளுக்கும் மண்டிகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கலாம் என்று பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் நிறைய இளைஞர்கள் இறங்குகிறார்கள். நல்ல காரியம். நிரல் எழுதுவதில் அவர்கள் அதிகம் தடுமாறிப் பார்த்ததில்லை. யாரிடம் எதைக் கேட்பது, எதை முதலில் முடிவு செய்வது என்ற இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்குக் காய்கறி கமிஷன் மண்டியை எடுத்துக்கொள்கிறேன். விவசாயியின் சரக்கை ஏலத்தில் விற்றுக் கொடுத்து, அதற்குக் கமிஷன் எடுக்கும் கடை அது. நயினார்குளம் மார்க்கெட்டிலோ பாவூர்சத்திரம் சந்தையிலோ ஒரு மண்டிக்காரர் உங்களைக் கூப்பிட்டு, "தம்பி, கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்கிறார். அதற்கு அடுத்த நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்? அரிசி ஆலை, ஜவுளிக்கடை, லாரி புக்கிங் ஆபீஸ் என்று வேறு தொழிலாக இருந்தாலும் வரிசை பெரிதாக மாறாது.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த நோட்டு. சாதாரண நாள், வரத்து அதிகமான நாள், மழை நாள் என மூன்று வகை நாட்களின் சிட்டை நகல்கள் (எடை, விலை, பிடித்தம் எல்லாம் போட்டு விவசாயிக்குக் கொடுக்கும் கணக்குச் சீட்டுதான் சிட்டை). ஒரு மாதத்து நாள்வழியையும் (அன்றாட வரவு செலவுப் பதிவு) பேரேட்டையும் (ஆள்வாரியான கணக்கு) பார்க்க முதலாளியின் அனுமதி. மண்டியில் வேலை செய்யும் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசவும் அனுமதி வேண்டும். அதை முதலாளி வாயாலேயே அவர்களிடம் சொல்லச் செய்யுங்கள். இல்லாவிட்டால், "இவன் நம்ம வேலைக்கு உலை வைக்க வந்திருக்கான்" என்று நினைத்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

லேப்டாப் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

1. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஆளை எழுதுங்கள்

பெரிய நிறுவனங்களில் பிசினஸ் அனலிஸ்ட், சிஸ்டம் டிசைனர், டேட்டாபேஸ் டிசைனர், புரோகிராமர், டெஸ்டர், புராஜெக்ட் மேனேஜர் என்று தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். உங்களிடம் இரண்டு பேர்தான் இருப்பீர்கள். அதனால் பதவிப் பெயர்களை விட்டுவிட்டு, அந்தப் பதவிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை எழுதுங்கள்.

தொழிலுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது யார்? அதை எப்படிக் கட்டுவது என்று தீர்மானிப்பது யார்? கட்டியது சரியா என்று பார்ப்பது யார்? பணம், நாள் கணக்கு யார் பொறுப்பு? இரண்டு பேர் என்றால் ஒருவர் தேவைகளைக் கேட்டு எழுதி, கடைசியில் சோதிக்கட்டும். மற்றவர் டேட்டாவையும் நிரலையும் பார்க்கட்டும். நிரல் எழுதியவரே தன் வேலையைச் சோதித்தால், தான் நினைத்த வழியில்தான் பட்டனை அழுத்துவார். பிழை கண்ணில் படாது.

மண்டிப் பக்கமும் இதே பட்டியல் வேண்டும். கமிஷன் விகிதத்தை மாற்ற அதிகாரம் முதலாளிக்கு. சிட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கப்பிள்ளை. எடை எப்போது எழுதப்படுகிறது என்பதற்குத் தராசில் நிற்பவர். வரி பற்றிய எதற்கும் ஆடிட்டர். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பதில் வரும். முதலாளியின் மகன் "பில்லை மொபைல்ல காட்டுங்க" என்பார், முதலாளி "காகிதம்தான் வேணும்" என்பார், நடுவில் உங்கள் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடுவது. தொழில் எப்படி நடக்க வேண்டும் என்று அவர் சொல்வார். எப்படி நடக்கிறது என்பது கணக்கப்பிள்ளைக்கும் லோடுமேனுக்கும்தான் தெரியும். இரண்டுமே உங்களுக்கு வேண்டும், தனித்தனியாக.

2. கேட்பதற்கு முன் நின்று பாருங்கள்

சரக்கு இறங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வண்டி வந்து மூட்டை இறங்குவதிலிருந்து, ஏலம் முடிந்து, எடை போட்டு, சிட்டை எழுதி, விவசாயி பணம் வாங்கிப் போகிறவரை நின்று பாருங்கள். கேள்வி எதுவும் வேண்டாம். யார், எதில், எப்போது எழுதுகிறார் என்பதை மட்டும் நோட்டில் குறியுங்கள்.

முதலில் பார்ப்பதற்கும் பிறகு கேட்பதற்கும் காரணம் உண்டு. தினமும் செய்யும் வேலையை யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. கை தானாகச் செய்வது வாயில் வராது. ஏலத்தில் விலை முடிந்ததும் மூட்டையின் மேல் சாக்பீஸால் ஒரு குறி போடுகிறார்களே, அதைப் பற்றி எந்தப் பேட்டியிலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாங்கியவர் யார் என்பதற்கு அந்த நேரத்தில் இருக்கும் ஒரே பதிவு அதுதான்.

இடத்தையும் பாருங்கள். கம்ப்யூட்டர் வைக்கப் போகும் மேஜைக்கும் தராசுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? மின்சாரம் போனால் என்ன செய்கிறார்கள்? ஈரக் கையோடு டச் ஸ்கிரீனைத் தொட முடியுமா? அந்த இரைச்சலில் ஒருவர் சொல்லி இன்னொருவர் டைப் செய்ய முடியுமா? பின்னால் வரும் தீர்மானங்களில் பாதி இங்கேயே முடிந்துவிடும். இணையம் அறுந்தாலும் சிட்டை போட முடிய வேண்டும் என்பது அதில் ஒன்று.

ஒருநாள் பார்த்தது போதாது. ஓணத்துக்கு முன்னால், கேரளாவுக்குச் சரக்கு போகும் வாரத்தில், மண்டியின் முகமே வேறாக இருக்கும். அந்த வாரத்தைப் பார்க்க வாய்க்காவிட்டால், அந்த வாரத்துச் சிட்டைக் கட்டையாவது புரட்டிப் பாருங்கள்.

3. ஒரு சிட்டையை வரி வரியாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை.

சின்ன வெங்காயம், 4 மூட்டை. தராசு காட்டியது 203.5 கிலோ. சாக்குக் கழிவு மூட்டைக்கு 1 கிலோ, ஆக 4 கிலோ. நிகர எடை 199.5 கிலோ. ஏல விலை கிலோ 42 ரூபாய். மொத்தம் 8,379 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து, 837.90. இறக்குகூலி மூட்டைக்கு 15, ஆக 60. வண்டி வாடகை மூட்டைக்கு 30, ஆக 120. மீதி 7,361.10. விவசாயி ஏற்கெனவே வாங்கியிருந்த முன்பணத்தில் கழிப்பது 1,000. கையில் கொடுப்பது 6,361 ரூபாய்.

இப்போது ஒவ்வொரு வரியிலும் "இது எங்கிருந்து வந்தது, யார் முடிவு செய்தது, எப்போது மாறும்" என்று கேளுங்கள். கமிஷன் நிகர எடைக்கா, தராசு எடைக்கா? தராசு எடைக்கு என்றால் 854.70 வரும். ஒரே சிட்டையில் 16 ரூபாய் 80 பைசா வித்தியாசம். ஒரு பருவம் முழுவதும் அது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். யாருடைய பணம் அது என்றும் யோசியுங்கள். வண்டி வாடகையை மண்டி முதலில் கொடுத்துவிட்டுப் பிடிக்கிறதா, விவசாயியே கொடுத்துவிட்டாரா? முன்பணத்தில் இன்றைக்கு 1,000 மட்டும் பிடிப்பது யார் தீர்மானம்? கடைசி 10 பைசா எங்கே போனது?

அந்தப் பத்துப் பைசாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாள் முடிவில் கல்லாவில் இருக்கும் பணமும் மென்பொருள் சொல்லும் தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கப்பிள்ளை உங்கள் மென்பொருளை அன்றோடு நம்புவதை நிறுத்திவிடுவார். ரவுண்ட் செய்த பைசாவுக்குத் தனிக் கணக்கு ஒன்று வேண்டும்.

4. விதியையும் விலக்கையும் எழுதி, வாசித்துக் காட்டுங்கள்

சிட்டையைப் பிரித்த கையோடு, கணக்கப்பிள்ளையோடு உட்காருங்கள். இப்படித்தான் பேச்சு போகும்:

"அண்ணாச்சி, மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு எல்லாருக்கும் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டு தம்பி."

"யாருக்காவது கழிக்காம விட்டது உண்டா?"

"கீழப்பாவூர்க்காரர் ஒருத்தர் டிரேயில கொண்டாருவாரு. அவருக்கு எப்படிக் கழிக்க? டிரே எடையைத்தான் கழிப்போம்."

முதல் கேள்விக்கு விதி கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கு விலக்கு கிடைத்தது. இரண்டாவதைக் கேட்காமல் வந்திருந்தால் மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் நாளே அந்த விவசாயியின் சிட்டை தப்பாக வந்திருக்கும். ஆகவே "எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்காதீர்கள், "ஆமா" என்று வந்துவிடும். "கடைசியாக எப்போது இப்படிச் செய்யவில்லை?" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு விதியையும் ஓர் எண்ணோடு ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "விதி 7: சாக்கில் வந்த சரக்குக்கு மூட்டைக்கு 1 கிலோ கழிக்க வேண்டும், டிரேயில் வந்தால் டிரேயின் எடையைக் கழிக்க வேண்டும்." பிறகு நிரல் எழுதும்போதும் சோதிக்கும்போதும் இந்த எண்ணைத்தான் சொல்லிக்கொள்வீர்கள்.

பெரிய கம்பெனி வழக்கப்படி தேவைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால் மண்டிக்காரர் தயங்குவார். ஏதோ கோர்ட்டு விவகாரம் போல அவருக்குத் தோன்றும். அதற்குப் பதில் எல்லா விதியையும் அவர் முன்னால் சத்தமாக வாசியுங்கள், திருத்துங்கள், தேதி போட்டு அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "சரி" என்று பதில் வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. படம் இரண்டே போதும்

முதல் படம் தரவு ஓட்டப் படம். நடுவில் மண்டி என்று ஒரு வட்டம்; சுற்றி விவசாயி, வாங்கும் வியாபாரி, லாரிக்காரர், வங்கி, ஆடிட்டர். யாரிடமிருந்து எது உள்ளே வருகிறது, யாருக்கு எது வெளியே போகிறது என்று அம்புக்குறி. உள்ளே வந்த அம்பு எங்கேயும் போகாமல் நின்றாலோ, வெளியே போனது திரும்ப அம்பு இல்லாவிட்டாலோ, எதையோ கேட்க மறந்திருக்கிறீர்கள். டிரே பெரும்பாலும் இப்படித்தான் மாட்டும்: வியாபாரியோடு வெளியே போகிறது, திரும்பி வருவதற்கு அம்பு இல்லை. பணத்துக்குப் பேரேடு இருப்பது போல டிரே எண்ணிக்கைக்கும் ஒரு பேரேடு வேண்டும் என்பது அப்போது தெரியும்.

இரண்டாவது படம், எந்த ஆள் திரையில் எதைச் செய்யலாம் என்பது. எடை போடுபவர் எடையை எழுதலாம், விலையை மாற்றக்கூடாது. கணக்கப்பிள்ளை சிட்டை போடலாம், கமிஷன் விகிதத்தைத் தொடக்கூடாது. முதல் படியில் எழுதிய பெயர்ப் பட்டியல்தான் இங்கே அனுமதிப் பட்டியலாக வந்து நிற்கும்.

இதற்குமேல் படங்கள் போடுவது தவறில்லை. ஆனால் மண்டிக்காரரிடம் காட்டி விளக்க முடியாத படத்தால் இந்த வேலைக்குப் பெரிய பயன் இல்லை.

6. டேட்டாவைத் தீர்மானியுங்கள்

திரையைப் பின்னால் மாற்றலாம், செலவு குறைவு. டேட்டாவைச் சேமிக்கும் அட்டவணைகளின் (டேபிள்) அமைப்பை ஆறு மாதக் கணக்கு ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதனால்தான் திரைக்கு முன்னால் இது வருகிறது.

ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பதிலேயே நிறைய பேர் தடுக்குகிறார்கள். நம் பக்கத்தில் ஒரே மண்டிக்கு இசக்கிமுத்துகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்தாலும் இருவர் ஒன்றாக நிற்பார்கள். சரி, போன் நம்பரை வைக்கலாம் என்றால், அண்ணன் தம்பி இருவரும் ஒரே நம்பரைக் கொடுப்பார்கள். மகன் சென்னைக்குப் போகும்போது அந்த நம்பரும் கூடவே போகும். ஒவ்வொருவருக்கும் மண்டியே ஓர் எண் கொடுக்க வேண்டும். பெயர், ஊர், பட்டப்பெயர், போன் நம்பர் எல்லாம் தேடுவதற்கு மட்டும். பட்டப்பெயருக்குக் கட்டாயம் ஓர் இடம் வையுங்கள், கணக்கப்பிள்ளை அதை வைத்துத்தான் தேடுவார். ஆனால் அது சிட்டையில் அச்சாகக்கூடாது.

விகிதங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். பட்டியலில் இன்றைய விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்போடு. சிட்டையில், அது போட்ட நேரத்தில் இருந்த விகிதம். பட்டியலில் மட்டும் இருந்தால், அடுத்த மாதம் கூலியை 18 ரூபாய் ஆக்கியதும் போன வருடச் சிட்டையெல்லாம் மாறிப்போகும். வரிக்கும் இதே முறைதான். பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் வரிக் கட்டமே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். காய்ந்த மிளகாய்க்கு 5 சதவீதம் உண்டு, அதே மண்டிக்காரர் நாளைக்கு அதையும் விற்கலாம். 2025 செப்டம்பர் 22 அன்று ஏராளமான பொருட்களின் ஜி.எஸ்.டி. விகிதம் ஒரே நாளில் மாறியது. தேதியோடு விகிதம் வைத்திருந்தால் அதற்குப் பட்டியலில் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்தால் போதும். எந்தப் பொருளுக்கு எந்த விகிதம் என்பதை ஆடிட்டர் சொல்லட்டும், நீங்கள் ஊகிக்க வேண்டாம்.

பணத்தைத் தசம வகையில் வையுங்கள், அல்லது பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகையில் வைத்தால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டும்போதே சரியாக 0.3 வராது.

அழிக்கும் பட்டன் வேண்டாம். பேரேட்டில் தப்பாக எழுதியதைக் கணக்கப்பிள்ளை கிழித்தா எறிகிறார்? அதே தொகையை எதிர்ப்பக்கம் எழுதி, எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வார். மென்பொருளும் அப்படியே செய்யட்டும்: யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு.

தமிழில் வைப்பதைப் பற்றியும் இங்கேயே முடிவு செய்யுங்கள். எல்லாம் யூனிகோடில். பழைய விவசாயி பட்டியல் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் டைப் செய்த கோப்பாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபாருங்கள். எஸ்.எம்.எஸ். அனுப்புவதாக இருந்தால் நினைவில் வைக்க வேண்டியது: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனியாக எண்ணப்படும். "இசக்கிமுத்து" நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் 12. செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே, வணிக எஸ்.எம்.எஸ்.களுக்கான டி.எல்.டி. பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும்.

7. திரையைக் காகிதத்தில் வரையுங்கள்

சிட்டை போடும் திரையை வெள்ளைத்தாளில் வரைந்து கணக்கப்பிள்ளை முன்னால் வையுங்கள். பேனாவை அவர் கையில் கொடுத்து, நேற்றைய நாலைந்து சிட்டைகளை அதில் நிரப்பச் சொல்லுங்கள். எங்கே பேனா நிற்கிறது என்று கவனியுங்கள். அவர் எடையை முதலில் எழுதுகிறார், உங்கள் திரை விலையை முதலில் கேட்கிறது என்றால் திரைதான் மாற வேண்டும்.

காகிதத்தில் செய்வதற்குக் காரணம், காகிதத்தைக் குறை சொல்ல யாரும் கூச்சப்பட மாட்டார்கள். கம்ப்யூட்டரில் அழகாகச் செய்து காட்டினால், "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அச்சை மட்டும் நிஜ பிரிண்டரில் பாருங்கள். பில் போடும் சிறிய தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து உள்ளே இருக்காது. சிட்டையைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்துப் பதறுகிறவர்கள் அதிகம்.

8. எதை முழுதாக முடிப்பது, எதைத் துண்டு துண்டாக

எல்லாத் தேவையையும் எழுதி முடித்துவிட்டுத்தான் கட்டுவது ஒரு முறை. கொஞ்சம் கட்டி, காட்டி, திருத்தி, மறுபடி கட்டுவது இன்னொரு முறை. இரண்டில் ஒன்றுக்குக் கட்சி கட்ட வேண்டியதில்லை. கணக்கு விதிகள், டேபிள் அமைப்பு, யாருக்கு என்ன அனுமதி ஆகிய மூன்றையும் முதலிலேயே முழுதாக முடியுங்கள். திரை, அறிக்கை, அச்சு ஆகியவற்றைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள்.

முதல் துண்டு, ஒரு விவசாயி சரக்கோடு வந்து பணத்தோடு போகிற வழி, முதலிலிருந்து கடைசிவரை. விவசாயியைச் சேர்க்கும் திரை, திருத்தும் திரை, பட்டியல் திரை என்று தொடங்குகிறவர்களுக்கு இரண்டு மாதம் கழித்தும் ஒரு சிட்டை போட முடியாது. முதலாளியும் பொறுமை இழந்துவிடுவார்.

புதிதாக ஏதாவது கேட்டால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஒருநாள் வியாபாரம் நடக்காதா, நடக்குமா என்று மட்டும் கேளுங்கள். நடக்கும் என்றால் அடுத்த துண்டில்.

9. பழைய சிட்டையால் சோதியுங்கள்

நீங்களாக உருவாக்கிய எண்களை வைத்துச் சோதிக்காதீர்கள். வாங்கி வைத்திருக்கும் சிட்டை நகல்களை ஒவ்வொன்றாக உள்ளே போடுங்கள்; கடைசித் தொகை பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மென்பொருளில் பிழை இருக்கலாம், எழுதாமல் விட்ட விதி இருக்கலாம், கையால் போட்ட சிட்டையே தப்பாகவும் இருக்கலாம். மூன்றாவது வகை வந்தால் கணக்கப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லுங்கள். முதலாளி முன்னால் சொல்லி அவர் முகத்தைக் கெடுத்துவிட்டால் அதன்பின் அந்த மண்டியில் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. ஒரு மனிதரின் பல வருட உழைப்புக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையும் அதுதான்.

பிறகு கெடுத்துப் பாருங்கள். சிட்டை போடும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரே மூட்டையை இருவருக்கு விற்றுப் பாருங்கள். எடையில் புள்ளியை விட்டுவிட்டு 2035 கிலோ என்று போடுங்கள். 4 மூட்டைக்கு இவ்வளவா என்று மென்பொருள் கேட்க வேண்டும்.

10. பழைய பாக்கியை ஏற்றி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்

பல வருடப் பேரேட்டை முழுதாக ஏற்ற முயலாதீர்கள். மாறும் நாளில் ஒவ்வொருவரின் பாக்கி, முன்பணம், டிரே எண்ணிக்கை, இந்த மூன்றும் போதும். ஏற்றுவதற்கு முன், பெரிய பாக்கிகளை அந்தந்த ஆளிடமே கேட்டு உறுதி செய்யும்படி மண்டிக்காரரிடம் சொல்லுங்கள். தகராறு இருந்தால் இப்போதே தீரட்டும். பின்னால் வந்தால் "கம்ப்யூட்டர்தான் மாத்திப்போட்டுது" என்ற பழி உங்கள் மேல் விழும்.

அப்புறம் இரண்டு வாரமாவது நோட்டும் மென்பொருளும் சேர்ந்து ஓட வேண்டும். தினமும் கடை சாத்துவதற்கு முன் இரண்டின் கல்லாத் தொகையையும் ஒப்பிடுங்கள். கணக்கப்பிள்ளைக்கு இது இரட்டை வேலை. அந்த இரண்டு வாரமும் உங்களில் ஒருவர் கூடவே உட்கார்ந்து டைப் செய்து கொடுங்கள்.

ஓணம், தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் மாற்றாதீர்கள். வரத்து குறைந்த வாரமாகப் பார்த்து வையுங்கள்.

11. ஒப்படைக்கும்போது

காப்பு நகல் மூன்று இருக்க வேண்டும்: இரண்டு வேறு வகை சேமிப்பில், ஒன்று மண்டிக்கு வெளியே. ஒப்படைக்கும் முன், முதலாளி முன்னாலேயே ஒரு நகலிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரில் கணக்கை மீட்டுக் காட்டுங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

விவசாயிகளின் போன் நம்பரும் வங்கிக் கணக்கு எண்ணும் உங்கள் லேப்டாப்பில் சோதனைக்காக இருந்தால் அழித்துவிடுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டை முதலாளியே மாற்றட்டும், நீங்கள் திரையைப் பார்க்காமல் தள்ளி நில்லுங்கள். எழுதி வைத்த விதிப் பட்டியலின் ஓர் அச்சுப் பிரதி கணக்கப்பிள்ளையின் மேஜை டிராயரில் இருக்கட்டும். அடுத்து யார் வந்து மென்பொருளை மாற்றினாலும் அவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.